நான் அடித்துவிட்ட மூன்று புள்ளிகள்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அளவுக்கருவிகளோடு முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். உலையின் ஒரே வெப்பநிலையை மூன்று கருவிகள் அளக்கும். வெப்பம் வரம்பு மீறியதாக அவற்றுள் இரண்டேனும் ஒத்துச் சொன்னால்தான் உலை தானாக நிற்கும். தனித்து நிற்கும் ஒரு கருவியின் கூற்றை நம்பாதிருப்பது எனக்கு இயல்பாகவே ஆகிவிட்டது.

ஓய்வுபெற்று மாமல்லபுரத்தில் குடியேறியபின், என் மனைவியின் எடையை ஞாயிறுதோறும் குறித்துவந்தேன். வரைபடத்தாள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. ஆடி மாத முதல் ஞாயிறன்று புள்ளி கீழே இறங்கியது. எடைக்கருவியை இடம் மாற்றி வைத்து, இன்னும் இருமுறை ஏறச் சொன்னேன். இரண்டு முறையும் ஏறத்தாழ பழைய எடையே வந்தது. முதற்புள்ளியைக் கருவியின் பிழையென்று சிவப்பு மையால் கோடிட்டு அடித்தேன். அடுத்தடுத்த மாதங்களில் மேலும் இரண்டு புள்ளிகளை அவ்வாறே அடித்தேன்.

ஒரு காலை வாசலில் கூடையை இறக்கிய மீன்காரப் பெண்மணி என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாம்மா, இப்டி எளச்சிகினே போற? சார் பாத்துகினுதான கீறாரு?”

“பார்த்துக்கிட்டுதான் இருக்கார். வைத்தியம் எனக்கில்லையாம், தராசுக்காம்” என்றாள் என் மனைவி.

நானும் சிரித்தேன்.

“சிரிக்காத சார். அம்மா வளையலு முழங்கை வரிக்கும் ஏறுது பாரு.”

எடைக்கருவியின் முள்ளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னேன். வளையலைப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் செங்கல்பட்டு மருத்துவமனையில், வயிற்றில் புற்று பரவியிருப்பதாகச் சொன்ன மருத்துவர், “எப்போதிலிருந்து இளைக்கிறார்?” என்று கேட்டார். “சமீபமாகத்தான்” என்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள், திருத்தவில்லை. தை பிறக்கும் முன்னரே போய்விட்டாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கல்பாக்கம் நகரியத்து வாசகர் வட்டத்தினர் என்னைப் பேச அழைத்தனர். விண்வெளித் தொலைநோக்கியால் அண்மை விண்மீன்களைச் சுற்றும் சிறிய கோள்கள் கண்டறியப்படுவது பற்றிப் பேச வேண்டும். தொலைநோக்கி கோளைக் காண்பதில்லை. விண்மீனின் ஒளியை இடைவிடாது அளக்கிறது. கோள் குறுக்கே கடக்கையில் ஒளி மிகச் சிறிதளவு குறைகிறது. சிறிய கோளானால் அக்குறைவு கருவியின் நடுக்கத்தினின்று எளிதில் பிரித்தறிய முடியாதது. ஒரு குறைவைக் கண்டு எவரும் கோள் என்று அறிவிப்பதில்லை. அதைக் குறித்துவைத்து, மீண்டும் வருகிறதா என்று காத்திருக்கிறார்கள்.

உரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன் இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்தேன். அன்று மேற்கொண்டு எழுதவில்லை.

உரை முடிந்ததும் என் பழைய சகா ஒருவர் எழுந்தார். “ஒருதரம் குறைஞ்சதுக்கெல்லாம் நாம உலையை நிறுத்தினதில்லையே சார். இவங்க மட்டும் அதை எப்படி நம்புறாங்க? கோள் கிடைக்கலேன்னா சம்பளம் கிடைக்காதோ?”

அரங்கு சிரித்து அடங்கும்வரை காத்திருந்தேன்.

“நம்பறதில்லை. ஆனா அடிச்சிடறதும் இல்லை.”

குறிப்புத்தாள்களை மடித்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தேன். ஒரே கருவியில் அவளை மூன்றுமுறை ஏற்றிவிட்டு, அதை மூன்று கருவிகளின் சாட்சியாக எண்ணியிருந்தேன். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் மூன்று புள்ளிகளும் தெளிவாகவே இருந்தன. அவற்றையும் சேர்த்துக் கறுப்பு மையால் கோடு வரைந்தேன். கோடு இறங்கத் தொடங்கும் இடத்தில், மருத்துவர் கேட்டதற்குரிய விடையை எழுதினேன்: ஆடி, முதல் ஞாயிறு.