காற்று குறைந்த மாசத்துக்கு ஒரு பலகை

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பங்குனி மாதம். கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கிடங்கில் ஆரம்பித்து, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் முடிந்த விஷயம் இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுத நாலு நாள் ஆயிற்று. இருந்தாலும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கணபதியில் எங்களுக்கு ஒரு லேத்துப் பட்டறை இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு பதினெட்டு வருஷம் நானே நின்று நடத்தினேன். இப்போது மகன் பார்க்கிறான். எங்கள் தெருவில் யார் புது மிஷின் இறக்கினாலும் முதல் சுவிட்சைப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். தாலி இல்லாதவள் என்று ஒருத்தரும் ஒதுக்கியதில்லை. அம்மா கை வைத்தால் மிஷின் நிற்காது என்று ஒரு பேச்சு. கைராசிக்காரி என்று பேர். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுபதைத் தாண்டிய பிறகு அந்தப் பேரும் ஒரு சுமைதான். மோட்டார் வாங்கக் கூப்பிடுவார்கள், மாடு வாங்கக் கூப்பிடுவார்கள், பெண் பார்க்கக் கூப்பிடுவார்கள். முழங்கால் வலியோடு போய் நின்று, இதை எடுங்கள் என்று கையை வைத்துவிட்டு வருவேன். வந்து படுத்தால் எழுந்திருக்க முடியாது. அலுப்பாக இருக்கிறது, வரவில்லை என்று சொல்லவும் வாய் வராது.

என் மருமகள் கடலோரத்து வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊரில் விண்ட்சர்ஃபிங் என்று ஒரு விளையாட்டில் பேர் வாங்கியவளாம். பலகையின் மேல் பாய்மரத்தை நட்டு, அதன்மேல் நின்று, பாயைக் கையால் பிடித்துக்கொண்டு காற்றில் போவது. அதிலும் அலையில் ஓட்டுவதற்கென்று தனிப் பலகை உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூடக் கடலில் இறங்கவில்லை. போகட்டுமா என்று கேட்டதும் இல்லை.

அந்த வருஷம் அவள் ஊரில் இருந்து ஒரு தகவல் வந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். சொந்தப் பலகையோடு வந்து ஒரு நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் அந்த வருஷம் மட்டுமல்ல, வருஷா வருஷம் அவளே. அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். ஆறு வருஷமாக அந்த முகத்தை நான் பார்த்ததில்லை என்று தோன்றியது. போய்வா என்று உடனே சொன்னேன். மகன் வேலை நெருக்கடியில் இருந்தான். "நீங்க கூடப் போய் உங்க கையால எடுத்துக் குடுத்துருங்கம்மா" என்றான். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. கடல் பலகையைப் பற்றி நான் என்ன கண்டேன் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

உக்கடத்துக் கிடங்குக்காரர் ஒரு ராவுத்தர். எங்கள் பட்டறையோடு முப்பது வருஷப் பழக்கம். கடற்கரையில் ஒரு தங்கும் விடுதியை மூடியபோது அங்கிருந்த சாமானை மொத்தமாக எடுத்து வந்திருந்தார். அதில் இரண்டு பலகை இருந்தது.

"வாங்கம்மா, வாங்க. நீங்களே வந்துட்டீங்க. இனி எனக்கு இங்க என்னங்க வேலை, கல்லாவ மூடிட்டுப் போய்ப் படுத்துக்கறேன்" என்று சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

ஒரு பலகை அகலமாக, தடித்து, பூசணிக்காயைக் குறுக்கே அறுத்த மாதிரி இருந்தது. மூக்கில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். இன்னொன்று ஒல்லி. கூர்மூக்கு. பார்க்க மீன் மாதிரி ஒரு மினுக்கு.

மருமகள் நேராக அகலப் பலகையிடம் போனாள். தரையில் படுக்க வைத்தாள். மண்டி போட்டு சாண் சாணாக அகலத்தை அளந்தாள். திருப்பிப் போட்டு, அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒன்றை மாட்டுகிற இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது தொண்ணூத்தஞ்சு லிட்டருங்க அத்தை. அது எழுபதுதான்."

லிட்டர் என்றால் என்ன என்று கேட்டேன். தண்ணீரில் எவ்வளவு கனத்தைத் தாங்கி நிற்கும் என்பதற்கு அது ஒரு கணக்கு என்றாள். கொஞ்சம் தயங்கி, "நாம போற மாசம் அங்க காத்து கம்மிங்க" என்றாள்.

"காத்து கம்மின்னா பலகை லேசா இருக்கோணுமில்ல கண்ணு? இத்தாத்தண்டியக் காத்து எப்படித் தள்ளும்?"

"அதில்லீங்க அத்தை..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். வார்ப்படம் வாங்கும்போது செய்கிற மாதிரி இரண்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். ஒல்லிப் பலகை கணீரென்றது. அகலப் பலகை ஒட்டுப் போட்ட இடத்தில் மொத்தென்றது. ஒல்லியின் ஒரு முனையைத் தூக்கினேன். பூப்போல வந்தது. இதுக்கு மேல் என்ன வேண்டும்? உள்ளங்கையை அதன்மேல் வைத்து, "இதுதான்" என்றேன்.

ராவுத்தர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"சரிங்க அத்தை" என்றாள்.

எங்கள் பக்கம் மருமகள் வாயில் அந்தச் சொல் இருந்தால் நல்ல குடும்பம் என்பார்கள். என் வீட்டில் அது ஆறு வருஷமாகக் குறைவில்லாமல் இருந்தது. அவள் வேலைக்குப் போகும் பள்ளிக்கூடம் நான் சொன்னது. சமையலறை அலமாரி நான் சொன்ன இடத்தில். எல்லாவற்றுக்கும் சரிங்க அத்தை. நான் அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாக இருந்தேன்.

பலகையை லாரி பார்சலில் போட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் போனோம். பாயும் மரமும் அவள் அம்மா வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில் கடற்கரைக்குப் போனோம். பயிற்சி நடத்துகிறவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நானும் சம்பந்தியம்மாவும் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் வந்த அசதியில் எனக்குக் கண்ணைச் சொருகியது.

முதலில் நன்றாகத்தான் போனாள். அலையைத் தாண்டி, பாயைச் சாய்த்துக்கொண்டு போனது பார்க்க அழகாக இருந்தது. என் கை தோற்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு காற்று நின்றது. குறையக்கூட இல்லை, நின்றேவிட்டது. வலைமேல் காயப்போட்டிருந்த துணி அசையவில்லை. பாய் தண்ணீரில் விழுந்தது. அவளும் விழுந்தாள். பலகைமேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்க வேண்டும். அவள் ஏறி நின்றாள். பலகை அடியில் போயிற்று. முழங்கால் வரை தண்ணீர், அப்புறம் இடுப்பு வரை. மறுபடி விழுந்தாள். மறுபடி ஏறினாள். எத்தனை தடவை என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போயிருந்தாள். அங்கே பாறை இருந்தது. அலை அதில் மோதி வெள்ளையாகச் சிதறுவது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"ஏனுங்க, அவ ஏன் நிக்கமாட்டீங்கறா?" என்று சம்பந்தியம்மாவைக் கேட்டேன்.

அவர்கள் ஜெபமாலையைக் கையில் எடுத்திருந்தார்கள். கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பலகை தாங்கலம்மா" என்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காற்று அடித்தால் பாயே ஆளைத் தூக்கிக்கொண்டு போகும், அப்போது பலகை ஒல்லியாக இருக்கலாம். காற்று இல்லாதபோது ஆளைத் தாங்கப் பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் கிடங்கில் அவள் சொல்ல வந்தது அதுதான். இரண்டு வாக்கியம். நான் நின்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

பயிற்சிக்காரர்கள் கத்திக்கொண்டே ஓடினார்கள். வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகு பாறைப் பக்கம் திரும்பியது. அதிலிருந்தவர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டார். பலகையையும் ஏற்றினார்; பாயும் மரமும் பாறையில் மோதி உடைந்து போயின. கரைக்கு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. படகுக்காரர் தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார். பிறகுதான் பலகையைப் பார்த்தார்.

"எவன் எடுத்துக் குடுத்தான் இத? காத்து செத்துக் கெடக்குற மாசத்துல இம்புட்டு ஒல்லிப் பலகையா? கடலப் பாத்த பய எவனாவது குடுப்பானா?"

நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"நான்தாண்ணே எடுத்தேன்" என்றாள் மருமகள். பல் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. இருந்தும் சொன்னாள்.

பயிற்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர் முதலில் காற்றைப் பார்த்துப் பலகை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த முறை பார்க்கலாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேர் நடுவில், சம்பந்தி முன்னால், நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அறுபது மிஷினுக்கு சுவிட்சு போட்ட கை துண்டைப் பிழிந்துகொண்டு நின்றது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மருமகள்தான் வந்து, "கால் ரொம்ப வலிக்குதுங்களா அத்தை" என்று கேட்டாள். கையில் மருந்துக் கட்டோடு வந்து கேட்டாள். ஒரு குத்தல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காலையில் அந்தப் படகுக்காரர் வந்தார். கடலில் போன பாய்மரத்தின் ஒரு துண்டு வலையில் கிடைத்தது என்று கொண்டுவந்திருந்தார். வாசலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தார், எவன் குடுத்தான் என்று.

"நாந்தாங்க குடுத்தேன்" என்றேன். "அவ வேண்டாம்னுதான் சொல்ல வந்தா. நான் சொல்ல உடலைங்க."

அவர் அந்தத் துண்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். திட்டவில்லை.

"இத அந்தப் பயிற்சிக்காரவுககிட்டல்ல சொல்லணும்" என்றார்.

"எங்க இருப்பாங்க?"

"கொட்டகையில. மணல்ல உங்களால நடக்க முடியாது. வண்டில ஏறுங்க."

அவருடைய பழைய மொபெட்டில் எழுபது வயதுக்கு மேல் நான் ஏறினேன். "நல்லாப் பிடிச்சுக்கிடுங்கம்மா. பயப்படாதீங்க, வண்டி தாங்கும். இது பாத்து எடுத்தது" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொட்டகையில் அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். அவள் எந்தப் பலகையிடம் முதலில் போனாள், எப்படி அளந்தாள், எத்தனை லிட்டர் என்று சொன்னாள், எல்லாம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் இந்த வருஷத்துக்கு வேறு ஆளிடம் பேசி முடித்தாகிவிட்டது, அவரிடம் மாற்றிச் சொல்ல முடியாது என்றார்கள். அடுத்த வருஷம் உங்கள் மருமகளும் வரட்டும், பார்க்கலாம் என்றார்கள். நான் வாயை மூடி நின்ற அந்த அரை நிமிஷத்துக்கு அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று.

ஊருக்கு வந்ததும் உக்கடம் போனேன். ராவுத்தர் அகலப் பலகையை இன்னும் விற்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் தெரியுமுங்கம்மா. ஒல்லி காத்தடி மாசத்துக்கு, அகலம் மத்த மாசத்துக்குன்னு அந்த விடுதிக்காரரு சொல்லித்தான் குடுத்தாருங்க."

"அப்ப ஏனுங்க சொல்லலை?"

"நீங்க கை வெச்சுப்போட்டீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைங்க சொல்றது?"

அவர்மேல் கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. அந்தக் கிடங்கில் மூன்று பேர் நின்றோம். இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத ஒருத்தி பேச்சுத்தான் நடந்தது. இப்படி எத்தனை மிஷின், எத்தனை மாடு, எத்தனை கல்யாணம் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அகலப் பலகையை அன்றைக்கே வாங்கி வந்தேன். அடுத்த வருஷம் மருமகள் அதில் ஓட்டிக் காட்டினாள். இந்தக் கோடையிலும் அவள்தான் அங்கே சொல்லித்தருகிறாள். அகலப் பலகை, மூக்கில் ஒட்டோடு, அவளோடு போயிருக்கிறது. போன வாரம் பேசும்போது, காற்று சுத்தமாக இல்லை, பலகைமேல் சும்மா உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன் என்றாள். தெருவில் இன்னும் சுவிட்சு போடக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். மிஷினில் நிற்கப்போகிற ஆளிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கிறேன்.

ஆறு வருஷம் அந்தச் சரிங்க அத்தையைக் கேட்டு நிம்மதியாக இருந்தவள் நான். அது ஒருத்தி நிற்க இடமில்லாமல் முங்குகிற சத்தம் என்று கடற்கரையில்தான் எனக்குத் தெரிந்தது, இப்போது யார் சரி என்று சொன்னாலும் கொஞ்ச நேரம் நின்று அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.