கதம்பத்தில் ஒரு குச்சிப்பூச்சி

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. அத்தையைப் பெண் பார்க்க தேவகோட்டையிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள்.
2. மாப்பிள்ளையின் அம்மா, அத்தைக்கு வைப்பதற்காகப் பூவைக் கையில் எடுத்தார்.
3. பூவிலிருந்த காம்பு ஒன்று நடந்தது.
4. வேன் திரும்பிப் போனது.
5. பழி என்மேல் விழுந்தது.

மூன்றாவதை மட்டும் விளக்கினால் போதும், மற்றவை தாமே விளங்கிவிடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. காரைக்குடி செக்காலையில், கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கொல்லையில் ஒரு கொய்யா மரம். அதில் காய் பறிக்கப் போனபோது பச்சைக் குச்சி ஒன்று காற்றே இல்லாமல் ஆடியது. நான் ஊதினேன், இன்னும் கொஞ்சம் ஆடியது. ஊதுவதை நிறுத்தினேன், நின்றுவிட்டது. எந்தக் குச்சியும் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்லாது என்பதால் அதைப் பிடித்து, பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டினேன். பள்ளி நூலகத்திலிருந்த படப்புத்தகத்தில் அதன் பெயர் குச்சிப்பூச்சி என்று இருந்தது.

அதற்குப் பகல் முழுக்க ஒரே வேலை, குச்சியாக இருப்பது. முன்கால்கள் இரண்டையும் தலைக்கு முன்னால் நீட்டிச் சேர்த்துக்கொண்டு, தலை எது வால் எது என்று தெரியாதபடி கிடக்கும். இருட்டிய பிறகுதான் நடக்கும், கொய்யா இலையின் ஓரத்தை அரைவட்டமாகக் கத்தரித்துத் தின்னும். பயந்தால் செத்ததுபோல் விழுந்து கிடக்கும். யாராவது காலைப் பிடித்துக்கொண்டால் அந்தக் காலை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துவிடும். இதெல்லாம் படித்ததும் பார்த்ததுமாக எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரிடமும் சொன்னேன்.

அத்தை, என் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, எம்.எஸ்சி.க்கு இடமும் கிடைத்திருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார், படித்தவரைக்கும் போதும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு வரனில் குறை ஒன்றும் தெரியவில்லை. அத்தை இரண்டு முறை பேசிப் பார்த்தாள். அப்பா இரண்டு முறையும், "வரட்டும்மா, வந்து பாத்துட்டுப் போகட்டும். பாத்தா என்ன, ஒட்டிக்கிறவா போகுது?" என்றார்.

ஒட்டிக்கொள்ளத்தான் போகிறது என்று அத்தைக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமும் கொண்டுவருவார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே பெண்ணின் தலையில் பூ வைத்துவிடுவார். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் வேண்டாம் என்று சொல்ல எந்தக் குடும்பமும் துணியாது.

முதல் நாள் மாலை அத்தை கொல்லைப்பக்கம் வந்தாள். இது விசேஷம். அத்தைக்குப் பூச்சி என்றால் உயிர் போய்விடும். ஒரு கரப்பான்பூச்சிக்காகக் கட்டிலில் ஏறி நின்று தெருவுக்கே கேட்கும்படி என் அம்மாவைக் கூப்பிட்டவள். என் டப்பாவைப் பார்த்து, "அந்தக் கருமத்த அங்குட்டே வச்சுக்க, இங்குட்டுக் கொண்டாந்தே தொலைச்சிருவேன்" என்று சொல்லியிருந்தவள். அன்று நாலடி தள்ளி நின்று கேட்டாள்.

"ஏண்டி, அது கடிக்குமா?"

"கடிக்காது அத்தை. எலைதான் திங்கும்."

"கொட்டுமா?"

"கொட்டாது."

"பகல்ல ஓடிருமா?"

"எங்க வச்சாலும் வச்ச எடத்துலயே கெடக்கும். தொட்டுப் பாக்குறீகளா? ஈர்க்குச்சி மாதிரி இருக்கும்."

அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் பூச்சியைப் பற்றி முதன்முதலாக ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார் என்ற மகிழ்ச்சியில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் மதியத்துக்குமேல் வேன் வந்தது. மாப்பிள்ளை தன் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் தாய்மாமாவும்தான் பேசினார்கள். அவர்கள் கொண்டுவந்த கதம்பத்தை என் அம்மா வாங்கி, தண்ணீர் தெளித்துத் தட்டில் வைக்கச் சொல்லி அத்தையிடம் கொடுத்தார். மல்லிகை, கனகாம்பரம், இடையிடையே கத்தையாக மரிக்கொழுந்து. அத்தை தட்டை எடுத்து வந்து வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தாள். இவ்வளவு அடக்கமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "என்ன சொல்றீக, பூ வச்சிரலாம்ல?"

அப்பா தலையாட்டினார். அந்த அம்மா பூவைக் கையில் எடுத்தார். மரிக்கொழுந்திலிருந்து ஒரு காம்பு மட்டும் நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"கட்டுனவன் காம்பக் கூடக் கிள்ளாமக் குடுத்திருக்கான் பாருங்க" என்று அதைக் கிள்ளி இழுத்தார்.

காம்பின் நுனி மட்டும் அவர் விரலோடு வந்தது. மீதிக் காம்பு அவருடைய மணிக்கட்டில் ஏறி வளையல்களை நோக்கி நடந்தது.

"ஆத்தீ! குச்சி நடக்குது!"

அவர் கையை உதறிய உதறலில் பூ ஒரு பக்கமும் பூச்சி ஒரு பக்கமும் பறந்தன. பூச்சி மாப்பிள்ளையின் மடியில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வந்து, செத்ததுபோல் நீட்டிப் படுத்துக்கொண்டது. மாப்பிள்ளை அன்று முதன்முறையாக வாய் திறந்து, "அம்மா!" என்றார்.

தாய்மாமா குனிந்து பார்த்தார். "வெறும் குச்சிதான்க்கா."

"குச்சிக்கு எங்குட்டுடா காலு? இந்தா, ஒண்ணு எங் கையில இருக்கு!"

"என்னங்க, பூவுல பூச்சிய விட்டு வச்சிருக்கீக?" என்று தாய்மாமா அப்பாவைப் பார்த்தார்.

"பூ நீங்க கொண்டாந்ததுதானே?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியோடு விஷயம் சிரிப்பாக முடிந்திருக்கும். வேறு பூ வாங்க ஆளும் போயிருக்கும். ஆனால் தாய்மாமா அருகிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீக! அது என்னோடது!" என்று நான் பாய்ந்து பூச்சியைக் கைகளால் மூடினேன்.

அப்படியே விட்டிருக்கலாம். எல்லோரும் என்னைப் பார்த்ததால், அதன் அருமையை எடுத்துச் சொல்லத் தோன்றியது. "இது பொம்பளப் பூச்சி. பெருசானா ஆம்பளையே இல்லாம முட்டை போட்டு, குஞ்சும் பொரிக்கும். புத்தகத்துல போட்டிருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காலைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். "பூ வைக்கயில இப்படி ஆயிருச்சு. மனசுக்குச் சரியாப் படல. நாங்க பெறகு சொல்லி அனுப்புறோம்." அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து பின்னாலேயே போய், "அழுகாதீக அத்தை" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.

அப்பா கொல்லைக்குப் போய் டப்பாவைப் பார்த்தார். வேட்டித் துணி நான்காக மடிக்கப்பட்டுக் கொடியில் தொங்கியது. "ஒழுங்கா மூடி வைக்கத் துப்பில்ல, பூச்சி வளக்குறா!" என்று தொடையில் ஒன்று வைத்தார். நான் மூடித்தான் வைத்திருந்தேன். ஆனால் நடந்ததைப் பார்த்தால் மூடவில்லைபோலும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

சில வாரங்களில் பூச்சி தோலை உரித்தது. உரித்த தோலைத் தானே தின்று முடித்தது. கால் போன இடத்தில் சிறியதாக ஒரு புதுக் கால் முளைத்திருந்தது. அதைக் காட்ட ஓடினேன். எம்.எஸ்சி. வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை வாசற்படியிலேயே நின்று, தூரத்திலிருந்து டப்பாவைப் பார்த்து, "அப்பாடா" என்றாள்.

இப்போது நான் மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறேன். பிழை எங்கே நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது பழகிவிட்டது. எட்டு வயதில் எனக்கு எல்லாத் தகவலும் தெரிந்தே இருந்தது. பகலில் அந்தப் பூச்சி தானாக எங்கும் போகாது. துணியை அவிழ்த்து மடித்து வைக்கவும் அதற்குத் தெரியாது. நானும் எதையும் மடித்து வைக்கிற பிள்ளை இல்லை. இவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. அதைவிட, கரப்பானுக்குக் கட்டில் ஏறுகிறவள் ஒரு பூச்சியை வெறும் விரல்களால் எடுத்துப் பூவுக்குள் செருக வேண்டுமென்றால் படிப்பு அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்பதும் தெரியவில்லை.

அத்தை இன்று மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வீட்டில் விசேஷம் என்று எல்லோரும் கூடினால் அப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார். டப்பாவை மூடாமல் விட்டது நான்தான் என்று முடிப்பார். அத்தை என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவாள். அவள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.