முதலில் கேட்டவர்

டேட்டாபேஸைச் சோதிப்பது என் வேலை. ஒரு விவரத்தை முதல்முறை கேட்டால் அது டிஸ்க்கில் தேடி எடுத்துவரும், நேரமாகும். எடுத்ததை நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் மறுமுறை கண்ணிமைப்பதற்குள் தரும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் நினைவகத்தைக் காலி செய்வேன். செய்யாவிட்டால் கிடைப்பது பொய்க்கணக்கு.

ஆஸ்பத்திரி ஒன்றுக்காக நாங்கள் செய்த மென்பொருள், முதல்முறை கேட்கும்போது ஒரே பெயருக்காக மொத்த நோயாளிப் பட்டியலையும் டிஸ்க்கிலிருந்து புரட்டி நினைவகத்தில் ஏற்றியது. முதல்முறை ஆன நேரம், மறுமுறை ஆன நேரம் இரண்டையும் அறிக்கையில் எழுதினேன். நாகர்கோவில்கார மேனேஜர் முதல் வரியை எடுத்துவிட்டார்.

"ரெண்டாவது நம்பரைப் போட்டா மதி, போதும். சர்வரை யாரு தெனமும் அணைச்சுப் போடுதா?"

மழை வந்தால் கரண்ட் போகிற திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வி!

ஜூன் மாத இடவப்பாதி மழையில் ஒரு காலை, அப்பாவுக்கு நெஞ்சுவலி. வலியசாலை வீட்டிலிருந்து ஆட்டோவில் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கரண்ட் போய், நினைவகம் காலியாகி, சர்வர் அப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

"இவருக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். உண்டு. பெயர் அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மா இப்போது இல்லை. நர்ஸ் கம்ப்யூட்டரில் அப்பாவின் பெயரைத் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது.

"சிஸ்டம் ஸ்லோவாணு சாரே. இப்போ வரும்."

அந்த வட்டத்துக்குள் என்ன நடக்கிறதென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

திரையில் அப்பாவின் பக்கம் திறந்தபோது அவர் கண்கள் நிலைகுத்தியிருந்தன. டாக்டர் மார்பை அழுத்திப் பார்த்து ஓய்ந்தார்.

அடுத்த கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் அவர் பெயரைத் தட்டினாள். உடனே வந்தது.