அழிக்கும் வேலை நடைபெறுகிறது

இருபத்திரண்டு வருடங்களாக அவர் இந்த நகரத்துச் சாலைகளில் வெள்ளைக் கோடு போடுகிறார். மாநகராட்சி சாலைப் பிரிவு ஆபீசில் எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர்தான். சாக்பொடி தடவிய கயிற்றை இழுத்துப் பிடித்துச் சுண்டி, அந்தத் தடத்தின் மேல் கொதிக்கும் பெயிண்டை ஓட்டி, சூடு ஆறுவதற்குள் கண்ணாடித் துகளைத் தூவுவார். அவர் போட்ட ஜீப்ரா கோடுகளை வரிசையாக வைத்தால் அடுத்த ஊர் எல்லை வரை போகும். அவற்றில் ஒன்றிலாவது ஒரு வண்டி தானாக நின்று ஆளுக்கு வழி விட்டதா என்று கேட்டால் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார்.

இந்த ஊரில் நடந்து போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஆபீசைப் பொறுத்தவரை போக்குவரத்து என்றால் எஞ்சின் வைத்தது மட்டும்தான். நடக்கிற ஜனங்கள் அதற்கு இடைஞ்சல், சைக்கிள்காரர்கள் இன்னும் பெரிய இடைஞ்சல். ஒரு தடவை யாருக்கோ ஞானோதயம் வந்து, சைக்கிளுக்கென்று பச்சைத் தடம் போடச் சொன்னார்கள். திறப்பு விழாவன்று பெரிய அதிகாரிகள் புது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இருநூறு அடி மிதித்தார்கள். மூச்சு வாங்கியதும் கார்களில் ஏறிக்கொண்டார்கள். அந்தக் கார்கள் நின்றிருந்ததே பச்சைத் தடத்தின் மேல்தான். அன்று முதல் அது கார் நிறுத்துகிற இடம்.

அவர் மனைவி துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கே அறுநூறு பெண்கள். காலை எட்டரைக்குள் உள்ளே போயாக வேண்டும். பாதிப் பேர் நடந்தும் மீதிப் பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டும் கம்பெனி கேட்டுக்கு எதிரே, வண்டிகள் ஆறு வரிசையாகப் பாய்கிற சாலையைக் கடக்கிறார்கள். ஜீப்ரா கோடு அங்கே இல்லை. முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அதையும் அவர்தான் போட்டார். அது ஒரு பக்கம் சாக்கடையில் தொடங்கி, மறுபக்கம் ஆளுயர மதில் சுவரில் போய் முட்டும். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. சுவர் இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, வரைபடத்தில் சுவர் இல்லையே என்றார் இன்ஜினியர்.

பட்டன் தைக்கிற பெண் ஒருத்தியை சைக்கிளோடு ஒரு வேன் தூக்கிப் போட்டபோது, அவர் மறுபடி இன்ஜினியரிடம் போனார். கேட் முன்னால் ஒரு கோடு, இரண்டு வேகத்தடை, அவ்வளவுதான் கேட்டார்.

"அங்க கோடு போட்டா வண்டிங்க வேகம் குறைஞ்சிடும்."

"அதுக்குத்தானே சார் கேக்குறேன்."

இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபைலைப் புரட்டத் தொடங்கினார்.

இடுப்பெலும்பு உடைந்த அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மனைவி, சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் அடிபட்டு விழுந்தா போலீஸ் வந்து என்னைச் சுத்திக் கோடு போடுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு போடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே, கூட வேலை பார்க்கும் இருவரை அழைத்துக்கொண்டு போய், உத்தரவில்லாமல் கேட் முன்னால் பதினான்கு பட்டை போட்டார். வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாகப் போட்டதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். கோடு அழகா இருக்குங்க, ஒருத்தனும் நிக்கல என்றாள். அவருக்கு அவமானமாக இருந்தது. பெயிண்டைப் பார்த்து நிற்பார்கள் என்று இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் நம்பிய தன் புத்தியை அவர் இரவு முழுக்கத் திட்டிக்கொண்டார்.

ஒருவனும் நிற்காத கோடு ஆபீசின் கண்ணில் மட்டும் உடனே பட்டுவிட்டது. விபத்து நடந்தபோது எட்டிப் பார்க்காத இன்ஜினியர், கோட்டைப் பார்க்க ஜீப்பில் வந்தார். போட்டவரே புதன்கிழமை காலையில் அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. சுரண்டுகிற மெஷின் ரிப்பேரில் கிடந்ததால் கையால்தான் சுரண்ட வேண்டும்.

புதன்கிழமை எட்டு மணிக்கு மூவரும் ஆரஞ்சு நிறக் கூம்புகளைச் சாலையின் குறுக்கே நிறுத்தி, 'பணி நடைபெறுகிறது' பலகையை வைத்து, சிவப்புக் கொடி பிடித்தார்கள். அவர் குத்துக்காலிட்டு முதல் பட்டையைச் சுரண்ட ஆரம்பித்தார். வண்டிச் சத்தம் குறைகிறதே என்று நிமிர்ந்து பார்த்தால், ஆறு வரிசை வண்டிகளும் பரம சாதுவாக நின்றுகொண்டிருந்தன. மனிதன் மேல் மோதினால் வக்கீல் பார்த்துக்கொள்வார், கூம்பின் மேல் மோதினால் பம்பரில் கீறல் விழுமே! அறுநூறு பெண்களும் பேசிக்கொண்டே சாலையைக் கடந்தார்கள். அவர் மனைவி நடுச்சாலையில் சைக்கிளை நிறுத்தி, பழக்கத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"மெதுவா சுரண்டுங்க," என்றாள்.

மெதுவாகத்தான் சுரண்டினார். ஒன்பது மணிக்குக் கூம்புகளை எடுத்துக்கொண்டு போய் ரிப்போர்ட்டில் 'வேலை முடியவில்லை' என்று எழுதினார். மாலையில் கம்பெனி விடுகிற நேரத்துக்குக் கூம்புகளோடு திரும்பி வந்து இன்னொரு சாண் சுரண்டினார். மறுநாளும் அப்படியே. பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று இன்ஜினியரிடம் சொல்லி வைத்தார். இரண்டு மாதத்தில் இன்ஜினியருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் எதுவும் கேட்கவில்லை. முடிந்த வேலையைத்தான் அந்த ஆபீசில் நோண்டி நோண்டிக் கேட்பார்கள். முடியாத வேலை அவர்களுக்குப் பழகிப்போனது, அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்று வருடமாகிறது. அந்த கேட் முன்னால் ஒரு பெண்ணும் விழவில்லை. எப்போதாவது பட்டைகள் தேய்ந்துபோனால், ஞாயிற்றுக்கிழமை போய்ப் புதிதாகப் போட்டுவிட்டு வருகிறார். திங்கட்கிழமை அழிப்பதற்குக் கோடு வேண்டுமே.