தண்ணீர்ப் போத்தலைத் தடுத்த கை

போன வருடம் நல்லூர்த் திருவிழாக் காலம். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்களில் சிலர் முதலுதவிப் பயிற்சி எடுத்துவிட்டுத் தொண்டர்களாகக் கோயில் வீதியில் நின்றோம். சான்றிதழ் கிடைக்கும் என்பதுதான் நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம். காலையிலிருந்து நான் செய்த ஒரே வேலை, காலில் முள் குத்திய ஒருவருக்குப் பிளாஸ்டர் ஒட்டியதுதான்.

மத்தியான வெயிலில், எனக்கு முன்னால் நடந்துபோன ஓர் இளம் தாய் திடீரென்று விழுந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன. கைக்குழந்தையை வைத்திருந்த கணவர், "ஐயோ, ஆராவது வாங்கோ!" என்று கத்தினார். அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று ஒருவர் அவள் கையில் சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையைத் திணித்தார், இருவர் கால்களை அமுக்கினார்கள். ஒரு பெரியவர் தண்ணீர்ப் போத்தலோடு குனிந்தார்.

என்னோடு தொண்டராக நின்ற தோழி அம்புலன்ஸை அழைக்க ஓடினாள். நான் விழுந்தவளின் தலைக்குக் கீழே என் துணிப்பையை மடித்து வைத்துவிட்டு, போத்தலைக் கையால் மறித்தேன்.

"ஐயா, வாய்க்குள்ளை ஒண்டும் விடாதேங்கோ! அமுக்கவும் வேண்டாம், தள்ளி நில்லுங்கோ!"

"பிள்ளை, நீ விலத்து. உனக்கு உதெல்லாம் என்ன தெரியும்?"

"இதுக்குத்தான் படிச்சிட்டு நிக்கிறன் ஐயா. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ளை போயிடும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். "தங்கச்சி சொல்லுறதைக் கேளுங்கோ" என்றார். கூட்டம் விலகியது.

இழுப்பு மெல்ல அடங்கியது. கணவர் குழந்தையைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வர, நானும் அவருமாக அவளைப் பக்கவாட்டில் சரித்தோம். சரித்த உடனேயே வாந்தி வந்து மணலில் கொட்டியது. மல்லாந்து கிடந்திருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும் என்று நினைத்தபடியே அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அம்புலன்ஸ் வரும்போது அவள் கண்விழித்து, "பிள்ளை எங்கை?" என்று கேட்டாள். கணவர் குழந்தையை வாங்கி அவள் முகத்துக்கு அருகே பிடித்தார்.

அம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய், எல்லோரும் கலைந்த பிறகும் அந்தப் பெரியவர் போகவில்லை. போத்தலின் மூடியைத் திருகியபடியே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, என்ரை மகளுக்கும் இப்பிடி வாறது. நாங்கள் தண்ணிதான் பருக்கிறனாங்கள். எப்பிடிச் சரிக்கிறதெண்டு எனக்கு ஒருக்காக் காட்டுவியோ?"

திரும்பி வந்திருந்த என் தோழி அந்த மணலிலேயே படுத்தாள். அவர் முழங்காலிட்டு, நான் சொன்னபடி அவளைச் சரித்துப் பார்த்தார். சரிவரும்வரை திரும்பத் திரும்பச் செய்தார். போகும்போது, "வீட்டிலை மனிசிக்கும் சொல்லிக்குடுக்கிறன்" என்றார்.

படித்து முடித்து, ஒரு வேலைக்கு வந்த பிறகுதான் நாலு பேருக்குப் பயன்படலாம் என்று நினைத்திருந்த எனக்கு, மாணவியாக இருக்கும்போதே ஒரு வீட்டின் பயத்தைக் குறைக்க முடியும் என்று காட்டிய மத்தியானம் அது.