மஞ்சள் துணியில் முடிந்த காசுகள்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த காலத்தில் நான் திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தின் காசுப் பிரிவில் வேலை பார்த்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நாணயச் சாலையிலிருந்து முத்திரை போட்ட கித்தான் பைகளில் புதுக்காசு வரும். பியூன் தையலைப் பிரிப்பார். நான் காசை மரப் பலகையில் கொட்டி, உள்ளங்கையால் பரப்பி, எண்ணி, பழுது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழுது எப்போதாவதுதான் இருக்கும். அச்சு பாதி விழுந்திருக்கும். தகடு நழுவிச் சிங்கத்தின் தலை விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். ஒரே ஒரு முறை, முன்பக்கம் புடைத்து நிற்கும் சிங்கம் பின்பக்கம் குழியாகப் பதிந்திருந்த காசு ஒன்று வந்தது. இப்படிப்பட்டவற்றை உறையில் போட்டு அரக்கு வைத்து நாணயச் சாலைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி.

நான் அனுப்பவில்லை. பழுதான காசை எடுத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்து அதே மதிப்புள்ள நல்ல காசைப் பலகையில் சேர்த்தேன். கணக்கில் ஒரு பைசா குறையாது. குறையாததால் அது திருட்டே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதுரையில் பழங்காசு வியாபாரி ஒருவர் இவற்றை நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். கல்லூரி வரை படித்தவன் நான். பசிக்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கையில் கூடுதலாகக் காசு புரண்டது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. இவை எப்படிக் கிடைக்கின்றன என்று வியாபாரி கேட்டபோது, “ஆபீஸ் பியூன் எடுத்துத் தர்றான், நான் நடுவுல வித்துத் தர்றேன்” என்று சொல்லிவிட்டேன். ஊரையும் சொன்னேன். என் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

அந்தப் பியூன் தாடிக்கொம்புப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர். தினமும் சைக்கிளில் வருவார். தோட்டத்தில் கத்தரிக்காய் காய்த்தால் ஒரு துணிப்பையில் போட்டு, “பாப்பாவுக்குக் கொழம்பு வையுங்க சார்” என்று என் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போவார்.

விற்காத காசுகளை வீட்டில் எங்கே வைப்பது என்பதுதான் என் கவலையாக இருந்தது. பெட்டியில் வைத்தால் மனைவி பார்ப்பாள். அந்தச் சமயம் எங்கள் குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது. காசுகளை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து பழனியாண்டவர் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, பாப்பாவுக்காக நேர்ந்துகொண்டேன் என்று சொன்னேன். சாமிக்கு முடிந்த காசை எங்கள் பக்கத்தில் யாரும் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று நினைத்தேன்.

வியாபாரி விற்ற காசு ஒன்று எப்படியோ ஒரு பெரிய அதிகாரியின் கண்ணில் பட்டது. விசாரித்தார்கள். திண்டுக்கல் ஆபீஸ் பியூன் எடுத்தது என்று வியாபாரி சொன்னார். நடுவில் விற்றவன் என்று அவர் சொன்ன பெயரில் யாரும் கிடைக்கவில்லை. பையின் தையலைப் பிரிப்பவரும் அவர்தான் என்பதால் வேறு யாரையும் கேட்கவில்லை. வீட்டைச் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பணிநீக்கம் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுவாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

“மேலதிகாரிக்கு இங்கிலீசுல ஒரு மனு எழுதணும் சார். நீங்க எழுதுனா நறுக்குன்னு இருக்கும்.”

“என்னன்னு எழுதணும்?”

“நான் எடுக்கலன்னுதான். வேற என்னத்த எழுத? பழுதான காச எவன் வாங்குவான்னுகூட எனக்குத் தெரியாதே சார்.”

எழுதிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் பிழை இருக்கிறதா என்று படித்தும் பார்த்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் போனதும் மஞ்சள் முடிச்சைத் தேடினேன். அதை ஏதாவது பாழுங்கிணற்றில் போட்டுவிடலாம் என்று எண்ணம். படத்துக்குப் பின்னால் முடிச்சு இல்லை. மனைவியைக் கேட்டேன்.

“எதுத்த வீட்டு அக்கா பழனிக்கு நடந்து போறாகள்ல, அவுகள்ட்ட முந்தாநேத்தே குடுத்து விட்டுட்டேன். பாப்பாவுக்குத்தான் இருமல் நின்னுருச்சே. நேந்துகிட்டதத் தள்ளிப் போடக் கூடாது.”

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஓரிரு நாளில் அந்தக் காசு உண்டியலில் விழுந்துவிடும். பிறகு அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் வேலை நிலைக்கும். பியூனின் வேலை போகும். நல்லவனாகிவிட்டதால் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்து அவள் விடாமல் கேட்டதால்தான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்த அண்ணன் வீட்ல ஒல கொதிக்கலைங்கிறது ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் நேத்து கோழிக் கொழம்பு கேட்டு வாங்கித் தின்னீகளா?”

அவள் எழுந்தாள். குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, “கெளம்புங்க. காசு இல்லாம வெறும் வாய்ல சொன்னா ஒங்கள எவன் நம்புவான்?” என்றாள்.

பஸ்ஸில் போய், பழனிக்குச் சற்று முன்னால் ஆயக்குடியில், அக்காவோடு நடந்தவர்களைப் பிடித்தோம். ஒரு கொய்யாத் தோப்பின் நிழலில் கூட்டம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. எதிர் வீட்டு அக்கா உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, பஸ்ல வந்துட்டீக? பாப்பாவுக்கு மறுபடி முடியலையா?”

“பாப்பா நல்லா இருக்காக்கா. அந்த முடிச்சத் திருப்பிக் குடுங்க” என்றாள் மனைவி.

“எத? சாமி முடிச்சையா? கிறுக்குப் பிடிச்சிருச்சாடி ஒனக்கு?”

பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். “போட்ட காச வாங்க டிக்கெட் எடுத்து வந்துருக்காகப்பா. முருகன் கொஞ்சம் உசாரா இருக்கணும்” என்றார். கூட்டம் சிரித்தது. கூடையோடு நின்ற கொய்யாக்காரம்மா, “ஏனுங்க, ஆளுக்கு ரெண்டு பழம் வாங்கிட்டுச் சண்ட போடுங்க. நானும் நின்னு கேக்கறனுங்க” என்றார்.

அக்கா இடுப்புச் செருகலை இறுகப் பிடித்துக்கொண்டார். “மடியில வச்சு இம்புட்டுத் தூரம் நடந்துருக்கேன். அவன் உண்டியல்லதான் போடுவேன். தர ஏலாது.”

மனைவி என்னைப் பார்த்தாள். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

“அது என் காசு இல்லக்கா. ஆபீஸ்ல நான் திருடுனது. பழி பியூன் மேல விழுந்துருச்சு. இதக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் அவருக்கு வேலை திரும்பக் கெடைக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா முடிச்சை எடுத்தார். என் கையில் தரவில்லை. தரையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். மனைவி தன் சுருக்குப் பையில் பஸ்ஸுக்காக வைத்திருந்ததை அக்காவிடம் கொடுத்து, “இது சுத்தமான காசுக்கா. இதப் பாப்பா பேர்ல போட்டுருங்க” என்றாள். அக்கா வாங்கிக்கொண்டார். திரும்பும்போது சத்திரப்பட்டி வரை நடந்தோம். பிறகு ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போன வண்டிக்காரர் ஒருவர், நாங்கள் கேட்காமலே நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் முடிச்சோடு போய் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். பியூனை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நிறுத்திவைத்த நாட்களின் சம்பளமும் கொடுத்தார்கள். எனக்கு வேலை போயிற்று. வழக்கு நடந்தது. சில மாதங்கள் சிறையில் இருந்தேன். அந்த மாதங்களில் என் மனைவி பூக்கட்டி விற்றாள். முடிச்சைத் தரையில் வைத்துக் கையைத் தட்டிக்கொண்ட அதே அக்காதான் என் குழந்தைக்குச் சோறு ஊட்டினார். வெளியே வந்ததும், தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் எல்லாம் தெரிந்தே என்னைக் கணக்கெழுதச் சேர்த்துக்கொண்டார். “நீங்களா போய்ச் சொன்னீங்கல்ல, எனக்கு அது போதும்” என்றார். நானாகப் போகவில்லை, அனுப்பிவைக்கப்பட்டேன் என்றேன். “அனுப்புறதுக்கு வீட்ல ஆள் இருக்கே. அதுவும் நல்லதுதான்” என்றார். இவர்களில் ஒருவருக்குக்கூட நான் எதையும் திருப்பிச் செய்துவிடவில்லை.

பியூன் மட்டும் சில வருடங்கள் என்னோடு பேசவில்லை. வழியில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டார். அது நியாயம்தான். அறுபதுகளின் நடுவில் ஒருநாள் வந்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு நீட்டினார்.

தாடிக்கொம்பில் கல்யாணம். பந்தலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். அவர் தேடிக்கொண்டு வந்தார்.

“இங்க என்ன சார் செய்யிறீக? மொய் எழுத ஆள் இல்லாம வந்தவுக எல்லாம் நிக்கிறாக. வாங்க.”

“நானா? வேண்டாம்ணே. ஆபீஸ்காரங்களும் வந்திருக்காங்க. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்னுதான் கூப்புடுறேன்.”

மொய் வாங்கும் தாம்பாளத்துக்கு முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டு இரண்டடி போனார். பிறகு திரும்பி என் மனைவியைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீயும் இவர் பக்கத்துல ஒக்காந்துக்க. எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்ல. இருந்தாலும் ஒக்காரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்காமல் வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தி முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.