பூரணிக்குக் காது குத்திய வருஷம்

நாகலெட்சுமிக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஏழாம் மாசம் கப்பலேறிப் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்த பெண்கள், வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு நாலு பேர் இருந்தார்கள். பூரணி பிறந்தது துறையூர்ப் பக்கம். ஒரு வயதானதும் முடியிறக்கிக் காது குத்திக்கொண்டு டிக்கோயாவுக்குத் திரும்புவதாகத்தான் பேச்சு. ஆனால் மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் செல்லசாமி பட்டாளத்தில் இருந்தான். யுத்த காலம், லீவு கிடைக்கவில்லை. தம்பி மடியில்லாமல் காது குத்துவதா என்று நாகலெட்சுமி காத்திருந்தாள். ஒருவழியாகக் குத்தி முடித்துக் கிளம்பியபோது பூரணி தன் காலாலேயே நடந்து கப்பலேறினாள்.

சுதந்திரம் வந்த பிறகு, இலங்கைப் பிரசையாகப் பதியச் சொல்லிப் பூரணியின் அப்பா மாயாண்டி மனுப் போட்டான். விசாரணைக்கு வந்த அதிகாரி, பெண்டாட்டி பிள்ளை இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்தார்களா என்று கேட்டார். நாகலெட்சுமிக்கு ஒளிக்கத் தெரியாது. தம்பி பட்டாளத்துச் சட்டையோடு வந்து இறங்கிய பெருமையையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்ததால் மனு தள்ளுபடியானது.

அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆள் குறையாமல் இருந்தால் தோட்டத்துத் துரைக்குப் போதும். நீ எந்த நாட்டுக்காரி என்று கொழுந்துத் தராசு கேட்பதில்லை. பூரணி பரீட்சை பாஸான பிறகுதான் அது உறைத்தது.

ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் பூரணி நடந்தே போய்வந்தாள். அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள் இந்திராதேவி, பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த ராமநாதன் முதலாளியின் மகள். ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததும் இருவரும் சேர்ந்து மனுப் போட்டார்கள். படிப்பு, விடுதி, உடுப்பு எல்லாம் அரசாங்கச் செலவு; மாசாமாசம் கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதலாளியே இருவரையும் ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப் போனார்.

தீக்காயம் பட்டவளுக்கு முதலில் என்ன செய்வாய் என்று அங்கே பரீட்சை எடுத்த சிங்கள நோனா கேட்டார். பூரணி சொன்னாள். நோனா சிரித்துத் தலையாட்டினார். அடுத்து பிரசாவுரிமைப் பத்திரம் கேட்டார். இல்லை என்றதும் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் மொழிபெயர்க்க இருந்த தமிழர் மெல்லச் சொன்னார்:

"அம்மா வருத்தப்படுறாங்க. அரசாங்கச் செலவுல படிக்கிறது பிரசைகளுக்கு மட்டுந்தானாம்."

"ஆஸ்பத்திரிக்கு வர்ற எங்க ஆளுங்களுக்குத் தமிழ்ல யாரு பதில் சொல்வாங்கன்னு கேளுங்க ஐயா."

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. "போயிட்டு வாம்மா" என்றார்.

திரும்பும்போது, இடம் கிடைத்துவிட்ட இந்திரா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நாவலப்பிட்டியில் முதலாளி வடை வாங்கிக் கொடுத்தார். "சாப்பிடும்மா. என்கிட்ட பழைய கப்பல் சீட்டு, கடை ரசீது எல்லாம் பெட்டியில இருந்துச்சு. காட்டினேன், பதிஞ்சு குடுத்துட்டாங்க. உங்கப்பாகிட்ட காட்ட என்ன இருக்கும், தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியா?" அவர் தப்பாக நினைத்துச் சொல்லவில்லை. பூரணி வடையைத் தின்றாள். கத்தி மட்டும் வட்டவளை ஸ்டேஷன் தாண்டியும் தொண்டையில் நின்றது.

வீட்டில் மாயாண்டி குதித்தான். "உன் தம்பி மடி என்ன சிம்மாசனமா? அதுல உக்காந்தாத்தான் காதுல ஓட்டை விழுமா?"

"நல்லா இருக்கே நியாயம். காது குத்தாம புள்ளயக் கொண்டாந்தா லயமே சிரிக்கும்னு கடுதாசி போட்டது யாரு, நானா?"

பூரணி காதுத் தோடு இரண்டையும் கழற்றி அலமாரி மேல் வைத்தாள். நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் நாகலெட்சுமி விளக்குமாற்றில் ஈர்க்கு ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"தோட்டக் கழட்டிட்டா கொழும்புல கூப்பிட்டுருவாங்களா? ஓட்டை தூந்துரும். நில்லுடி."

பூரணி நின்றாள். கொழும்பிலிருந்து வந்த பிறகு அவள் ஓரிடத்தில் நின்றது அப்போதுதான். மற்றபடி அவளுக்கு வீடு கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாயடிக்குப் போவாள், குடம் நிறையும் முன்னே தூக்கிக்கொண்டு வருவாள். அடுப்பை மூட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டர் ஐயா சண்முகராஜா, அவளுக்காகத் துரையிடம் பேசினார். பிரசவத்தில் சாவு கூடுகிறது என்று மேலிடத்திலிருந்து துரைக்குச் சூடாக ஏதோ வந்திருந்த நேரம். தோட்டத்துச் செலவில் பூரணி மருத்துவிச்சி வேலை படித்து வந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லயம் லயமாக நடந்தாள். வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் வருஷாவருஷம் பேப்பரில் தாதிப் பயிற்சி விளம்பரம் வந்ததும் மனுப் போட்டாள். வருஷாவருஷம் அதே பதில் வந்தது.

"என்ன சொல்வாங்கன்னு தெரிஞ்சுகிட்டே ஏம்மா போடுறே?" என்று டாக்டர் ஐயா கேட்டார்.

"எனக்குத் தெரியுங்க. ஆனா அவங்க சும்மா இருந்துரக் கூடாது பாருங்க. ஒவ்வொரு வருசமும் வாயத் திறந்து சொல்லட்டும்."

லயத்தில் கேலிக்குக் குறைவில்லை. "மத்தப் பொண்ணுகளுக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து கடுதாசி வருது. நம்ம பூரணிக்குக் கவர்மெண்டுதான் மாப்பிள்ளை. வருசம் தவறாம வேணாம்னு எழுதுறான்" என்பாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராக்காயி.

அந்த ராக்காயியின் மருமகளுக்கே ஒருநாள் பிரசவத்தில் பிள்ளை குறுக்கே விழுந்துவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் பூரணி. வார்டு வாசலில் வெள்ளை உடுப்போடு வந்து வாங்கிக்கொண்டவள் இந்திரா. பூரணிக்குக் கதவுவரைதான். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்திரா எங்கே தடுமாறுவாள் என்றே பார்த்தாள். அவள் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பிரசவவலியில் கத்தியவளிடம் தமிழில் அதட்டினாள், தமிழிலேயே சமாதானம் சொன்னாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பூரணிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கை துடைத்துக்கொண்டு இந்திரா வெளியே வந்தாள். "இந்த வருசமும் மனுப் போட்டியாடி?"

"போட்டேன்."

"நான் அன்னைக்கு வேணாம்னு சொல்லியிருந்தா என் இடம் உனக்குக் கிடைச்சிருக்குமா?"

"எங்க? அடுத்த பிரசைக்குப் போயிருக்கும்."

"அப்புறம் என்னைக் கண்டா ஏன் மூஞ்சத் திருப்புறே?"

"கோவம் எங்கயாச்சும் போய் உக்காரணும்ல. கொழும்பு தூரம். நீ கிட்ட இருக்கே."

இந்திரா சிரித்துவிட்டு, "பிளேன்டீ குடிச்சிட்டுப் போ" என்றாள். லொறி காத்திருக்கிறது என்று பூரணி கிளம்பிவிட்டாள்.

அந்த வருஷத்துப் பதில் மழைக்காலத்தில் வந்தது. நாகலெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மாயாண்டி அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

"அதேதானே?" என்றான்.

பூரணி இரண்டு தடவை படித்தாள். "இல்லப்பா. இந்தத் தடவ பிரசை பத்தியே ஒண்ணும் எழுதல. வயசெல்லை தாண்டிப்போச்சாம்."

"அட. புதுசா எழுதக் கத்துக்கிட்டானுகளே."

மாவுக்கையோடு நாகலெட்சுமி நிமிர்ந்தாள். "வயசு கூடினதுக்கும் என்னையச் சொல்லிராதீங்க."

மாயாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூரணியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே எழுந்து கடுதாசி எடுத்து, ரொட்டி ஆறுவதற்குள் எழுதி முடித்தாள். "முதல் மனுப் போட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அன்றிலிருந்து காத்திருப்பது நான். காக்க வைத்தது நீங்கள். அந்த வருஷங்களை என் வயதில் கூட்டியது நியாயமில்லை. தயவுசெய்து கழித்துப் பார்க்கவும்."

"இதுக்குமா பதில் போடுவாங்க?" என்றாள் நாகலெட்சுமி.

"போடலேன்னா ஏன் போடலேன்னு கேட்டு எழுதுவேன்."

தபால் கந்தோர் மூடுவதற்குள் போய்விட வேண்டும். ரோட்டுக்கு இறங்கினாள். பஸ் வரும்வரை நிற்கத் தாங்காமல் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் பின்னாலிருந்து பஸ் வந்து வேகம் குறைத்தது. "ஏறலையா அம்மா?" என்றான் கண்டக்டர். போகச் சொல்லிக் கை காட்டினாள். கடைசியில் இன்னொரு வரி சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது. என்ன வரி என்று யோசித்தபடி நடையை எட்டிப் போட்டாள்.